டொக்டர் சொன்ன ‘கம் ரவுண்ட்’

பெப்ரவரி 4, திங்கள்

வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் விடியவே நின்றுவிட்டது. வீட்டுச் சொந்தக்காரருக்கு ரெலிபோன் எடுத்தேன். “பாக்ட் அப் ஆகிவிட்டதா? லுக் இன்டு பண்ணுகிறேன்” என்றார். பாக் என்றால் சாமான் கட்டுவது. பின்னால் ஒரு ‘அப்’ வந்தால் இயந்திரம் பழுதாகிப்போவது. லுக் என்றால் பார்ப்பது. ‘இன்டு’ சேர்ந்தால் விசாரிப்பது. அதாவது இன்றைக்கு ஒருவரும் வந்து பார்க்கப்போவதில்லை.

பகல் உதவிப்பண அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. வயதான ஒரு ஐயா. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் “டேர்ன்ட் டவுன்” என்று சொன்னாள். நான் வாய் திறக்க முதலே ஐயா கையிலிருந்த தாளைத் திருப்பப் பார்த்தார். “எந்தப் பக்கம் பிள்ளை திருப்ப வேணும்?”

“உங்கட விண்ணப்பத்தை மறுத்துப்போட்டினம், ஐயா.”

“அப்படியோ” என்று தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

இந்த நாட்டுக்காரர் வாயில் பெரிய சொல் வருவதில்லை. கெட், புட், டேக், கம், கோ. பாலர் வகுப்புச் சொற்கள். அதற்குப் பின்னால் ஒரு ஓஃப், ஒரு அப், ஒரு ரவுண்ட் வைத்தவுடன் அர்த்தம் எங்கேயோ போய் நிற்கும். எங்கட சனம் முன்னுக்கு வருகிற சொல்லைப் பிடித்துக்கொள்ளும். எத்தனையோ வருடமாக இந்த மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பின்னுக்கு வருகிறதை ஒருவருக்கும் பழக்க முடியவில்லை. எனக்கே சிலவேளை பிடிபடாது.

எனக்கு வேலை தருகிற ஏஜென்சியிலிருந்து சாண்ட்ரா ரெலிபோன் எடுத்தாள். நாளைக்கு ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவாம்.

பெப்ரவரி 5, செவ்வாய்

இரண்டு பஸ் மாறிப் போனேன். சப்பாத்துக்குள் தண்ணீர்.

நோயாளியின் பெயர் சிவபாதம். பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்றவர், போன கிழமை அப்படியே விழுந்திருக்கிறார். இதயம் நின்று, அம்புலன்சில் வைத்துத் திரும்ப ஓடத் தொடங்கியதாம். இடையில் மூளைக்குக் காற்றுப் போகவில்லை. இப்போது மெஷின் மூச்சு விடுகிறது.

மனைவி மங்கையற்கரசி. என்னை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். மகன் நிரோஷன், படித்து முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகிறான். பெரிய டொக்டர் இன்னொரு ஸ்கான் முடிவு பார்க்க வேண்டும் என்று கூட்டத்தை வெள்ளிக்குத் தள்ளிவிட்டார். ஆனாலும் என் நேரம் முடியும் வரைக்கும் நான் நிற்க வேண்டும். மூன்று பேரும் வெளியே வாங்கில் இருந்தோம்.

“எந்த ஊர் நீங்கள்?”

“அளவெட்டி.”

“நாங்கள் சுன்னாகம். பாருங்கோவன், பக்கத்தில.” அவவுக்கு அதில் ஒரு சந்தோஷம். பிறகு சொன்னா: “உங்களை வீணா மினைக்கெடுத்திப்போட்டினம். டொக்டர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கினது. உடனை வீட்டை வரமாட்டார் எண்டு சொன்னவர். இருக்கட்டும். எவ்வளவு நாளெண்டாலும் இருந்து சுகமாகி வரட்டும்.”

“அப்படியோ சொன்னவர்?”

“ஓம். ‘ஹி மே நொட் கம் ரவுண்ட்’ எண்டு. பக்கத்து வீட்டு ஷீலா எந்த நாளும் சொல்லுறவ, கம் ரவுண்ட், கம் ரவுண்ட், தேத்தண்ணி குடிக்க வா எண்டு. அதுதானே?”

ஷீலா சொல்வது அதுதான். வீட்டுப் பக்கம் வா என்பது. டொக்டர் சொன்னது அது இல்லை. மயக்கத்தில் கிடக்கிறவருக்குச் சொன்னால் நினைவு திரும்பாமலே போகலாம் என்று அர்த்தம்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

டொக்டர் இல்லாத இடத்தில் நோயைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அது சட்டம். நல்ல சட்டம். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது.

பெப்ரவரி 6, புதன்

பொயிலர் ஆள் வரவில்லை. இரண்டு கம்பளிச் சட்டை. பாணும் சம்பலும்.

பெப்ரவரி 7, வியாழன்

அதே ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியில் வேலை. முதல் பிள்ளை பெறப்போகிற சின்னப் பெண். அவளுக்கு வாந்தி. “ப்ரிங் அப் பண்ணுகிறாயா?” என்று மருத்துவிச்சி கேட்டதற்கு, “ஓம், நானும் அவரும் சேர்ந்து வளர்ப்பம்” என்று பதில் சொன்னாள். பிழை இல்லை, அதே சொல்தான் வளர்ப்பதற்கும். மூன்று பேரும் சிரித்தோம். நான் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

கன்டீனில் தேத்தண்ணியோடு இருக்கும்போது நிரோஷன் வந்து முன்னால் நின்றான்.

“ஆன்ரி, ஒரு நிமிஷம் கதைக்கலாமோ?”

“கூடாது தம்பி. இருங்கோ.”

இருந்தான். அவன் தமிழ் ஒவ்வொரு சொல்லாகப் படியிறங்கி வருகிறது. “நான் அம்மாவுக்குப் பொய் சொல்லேல்லை. அவ தானா அப்படி விளங்கினா. நான் ஒண்டும் சொல்லாமல் விட்டுட்டன். அவ்வளவுதான்.”

“நாளைக்கு டொக்டர் சொல்லுவார்தானே.”

“அவர் சொல்லமாட்டார், ஆன்ரி. எத்தனை தரம் கதைச்சவர்! அந்தச் சொல்லை ஒருக்காலும் சொல்லேல்லை. ஸ்லிப் அவே, புல் த்ரூ, லெட் கோ, அப்படித்தான் சொல்லுவார். நீங்கள் அவர் சொல்லுறதை அப்படியே சொல்லுங்கோ. சொல்லுக்குச் சொல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதுதானே உங்கட சட்டம்?”

கெட்டிக்காரன். சொல்லுக்குச் சொல் சொன்னால் எதுவும் சொல்லாமல் விடலாம் என்று கண்டுபிடித்திருக்கிறான். என்மேல் ஒருவரும் பிழை பிடிக்கவும் முடியாது.

“எவ்வளவு நாளைக்கு, தம்பி?”

“பெரியப்பா ரொறொன்ரோவில இருந்து வரும் வரைக்கும் எண்டாலும். தனிய எனக்கு ஏலாது. அம்மா அழுதால் என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச தமிழில ஆறுதல் சொல்லேலாது. எங்கட வீட்டில சண்டை கூட வாறேல்லை. சண்டை பிடிக்கிற அளவுக்கு எனக்குச் சொல்லுகள் காணாது.”

நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

என் மகள் ஆரணியும் என்னோடு ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. நல்ல அமைதியான பிள்ளை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பெப்ரவரி 8, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நித்திரை வராது.

சின்ன அறை. ஜன்னல் இல்லை. மேசையில் கண் துடைக்கிற கடதாசிப் பெட்டி. டொக்டர் ஹார்ட்லி நல்ல மனிதர். பதவிசாகக் கதைப்பவர், கதிரையை இழுத்து மங்கையற்கரசியக்காவுக்கு நேரே போட்டுக்கொண்டு, என்னைப் பாராமல் அவவைப் பார்த்துக் கதைத்தார். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை.

மயக்க மருந்தை நிறுத்தி நாளாகிவிட்டது, கண் திறக்கவில்லை, வெளிச்சத்துக்கும் நோவுக்கும் அசைவு இல்லை, ஸ்கானில் மூளை பெரிதும் சேதமாகியிருக்கிறது. இதெல்லாம் நேரான சொற்கள். நேராகவே சொன்னேன். அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தா. “ஓம். ஓம். நாள் எடுக்கும்.”

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். குரலோடு சொற்களும் சின்னதாகின. மெஷின்தான் அவரைக் கீப் கோயிங் பண்ணுகிறது. அவர் புல் த்ரூ பண்ணுவார், அதாவது பிழைத்து எழும்புவார், என்று நாங்கள் நினைக்கவில்லை. மெஷினிலிருந்து அவரை டேக் ஓஃப் பண்ணி, லெட் ஹிம் கோ, அதுதான் அவருக்குச் செய்யக்கூடிய இரக்கமான காரியம் என்று நினைக்கிறோம்.

நான் தொடங்க முதல் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. ‘ஓஃப்’ அவவுக்குத் தெரியும். ‘லெட் கோ’வும் தெரியும். என் பக்கம் திரும்பி, “கழட்டிப்போட்டு விடப்போயினமோ? வீட்டையோ?” என்றா.

நிரோஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெஷினிலிருந்து எடுத்து அவரைப் போகவிடுவோம். அப்படியே சொல்லியிருக்கலாம். ஒரு எழுத்தும் பிழையில்லை. அவவும் ஓம் என்று சொல்லியிருப்பா. வீட்டில் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருப்பா.

நான் கையைத் தூக்கினேன். இப்படியான நேரத்தில் நாங்கள் ‘நான்’ என்று சொல்லக் கூடாது. “மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “லெட் கோ என்று நீங்கள் சொன்னது, அவர் இறந்துபோவார் என்பதையா?”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்ப அக்காவைப் பார்த்தார்.

“யெஸ்” என்றார். “ஹி வில் டை.”

இந்த நாட்டில் இத்தனை காலத்தில் பின்னால் ஒரு வாலும் இல்லாமல் ஒரு டொக்டர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது குறைவு.

தமிழிலும் எங்களிடம் போர்த்தி வைக்கிற சொற்கள் இருக்கின்றன. காலமாவார். மோசம் போவார். தேடவில்லை. “மெஷினை எடுத்தால் அவர் இறந்துபோவார், அக்கா. மெஷினை எடுக்காட்டிலும் அவருக்கு நினைவு திரும்பாது எண்டு டொக்டர் நினைக்கிறார்.”

இரண்டாவது வசனத்தை அவர் முன்னமே சொல்லியிருந்தார். ‘அக்கா’வை மட்டும் அவர் சொல்லவில்லை. அது நான் கூட்டியது.

அவ அழவில்லை. கைப்பையின் வாரை மடியில் இரண்டாக மடித்தா. “அப்ப, கம் ரவுண்ட்?”

அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன அர்த்தம் என்று டொக்டரைக் கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னேன். நினைவு திரும்புவது.

அவ மகனைப் பார்த்தா. “உனக்குத் தெரியுமோ?”

அவன் தலையாட்டினான்.

“எப்ப தொடக்கம்?”

“முதல் நாள்.”

அவன் கன்னத்தில் அடி விழப்போகிறது என்றே நினைத்தேன். அவ சொன்னது: “நீ தனியவோ இதைச் சுமந்துகொண்டு திரிஞ்சனி?”

அவன் உடைந்தான். அவ்வளவு பெரிய உடம்பு. டொக்டர் கடதாசிப் பெட்டியை நகர்த்தினார். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை, அதனால் என் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு அக்காதான் கேள்வி கேட்டா. அவருக்கு நோகுமோ? நோகாமல் மருந்து கொடுப்போம். கேக்குமோ? தெரியாது, ஆனால் கதைப்பது நல்லது. அவர் இப்போது கதைக்க முடிந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று டொக்டர் கேட்டார்.

“அவர் ஒரு இடத்தில படுத்துக் கிடக்கிற ஆளில்லை. காய்ச்சலெண்டாலும் கடைக்கு வெளிக்கிடுவார். நான்தான் போடுற சேட்டை எடுத்து ஒளிச்சு வைக்கிறது.” கொஞ்சம் பொறுத்து, “அவரின்ர தமையன் வரட்டும். அதுக்குப் பிறகு செய்யுங்கோ” என்றா.

செவ்வாய்க்கிழமை என்று முடிவானது.

வாசலில் நிரோஷன் என்னைக் கடந்து போகும்போது ஆங்கிலத்தில், மெதுவாக, “யூ குட் ஹாவ் லெட் இட் கோ” என்றான். நடுவில் ஒரு ‘இட்’ சேர்ந்தால் கண்டும் காணாமல் விடுவது.

பெப்ரவரி 9, சனி

மத்தியானம் வரைக்கும் படுத்தே இருந்தேன். சாண்ட்ரா எடுத்தாள், சனிக்கிழமையிலும். குடும்பத்திலிருந்து ஒருவர் ரெலிபோனில் முறைப்பாடு சொல்லியிருக்கிறாராம். மொழிபெயர்ப்பாளர் ஸ்டெப் இன் பண்ணினாராம், அதாவது குறுக்கிட்டாராம். உள்ளே காலை வைத்தேன். வைத்தேன்தான்.

“விளக்கம் கேட்கலாம் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறதே, சாண்ட்ரா.”

“எனக்குத் தெரியும், யோகா. ஆனாலும் விசாரித்து முடிக்கும் வரைக்கும் செவ்வாய்க்கு வேறு ஆளை அனுப்புகிறேன். கொஞ்சம் ஓய்வெடு.”

சரி என்றேன். உண்மையில் ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த அறைக்குள் திரும்பப் போக வேண்டாம். உடுப்புத் தோய்த்தேன். காயவில்லை, வீடு அவ்வளவு குளிர். மத்தியானமும் பாண்தான்.

அந்தப் பொடியன்மேல் கோபம் வரவில்லை. என்னில் கோபப்படுவது அவனுக்குச் சுகம். நான் அந்நியம்தானே.

பெப்ரவரி 10, ஞாயிறு

ஆரணிக்கு எடுத்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம். வீட்டில் ஆட்கள் போல. “அம்மா, ஐல் கெட் பாக் டு யூ” என்றாள். கெட் பாக் என்றால் திரும்பி வருவது. ‘டு’ சேர்ந்தால் பிறகு கதைப்பது. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதை முகநூலில் படத்தில் பார்த்தேன்.

குசினி அலுமாரியைத் துடைத்தேன். ரெலிபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

அவள் எடுக்கவில்லை. வேலை கூடவாக்கும்.

பெப்ரவரி 11, திங்கள்

பொயிலர் ஆள் வந்தான். ஒரு சின்னத் திருகாணியை மாற்றினான், வேலை செய்கிறது. குளித்தேன். வெந்நீருக்குக் கீழே நின்றபோது அழுகை வந்தது, சும்மாதான், களைப்பு.

பின்னேரம் சாண்ட்ரா. “நாளைக்கு நீ போகலாமா? குடும்பம் உன்னைத்தான் கேட்கிறது. முறைப்பாட்டை டேக் பாக் பண்ணிவிட்டார்கள்.”

“ஆர் கேட்டது? தாயா?”

“மகன். அவனே எடுத்தான். அம்மாவுக்கு அந்த ஆள்தான் வேண்டுமாம். பிறகு, தனக்கும் என்றான்.”

இல்லை என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 12, செவ்வாய்

நேரத்துக்கு முதலே போய்விட்டேன். ரொறொன்ரோவிலிருந்து வந்த தமையன் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு தாங்க முடியாமல் வெளியே போய்விட்டார். அறையில் அக்கா, நிரோஷன், ஒரு தாதி, நான்.

நிரோஷன் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தான். “ஆன்ரி, இருங்கோ.”

தாதி ஒவ்வொன்றையும் செய்வதற்கு முதல் சொன்னாள். வாயிலிருந்து குழாயை எடுக்கப்போகிறேன். கொஞ்சம் இருமுவது போல இருக்கும், அவருக்குத் தெரியாது. மூச்சு ஒருவேளை கொஞ்ச நேரம் தானாக ஓடலாம், நிற்கலாம், திரும்ப வரலாம். பயப்பட வேண்டாம். நான் சொன்னேன். குழாயை எடுத்தாள். முகத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். முதல் முறையாக அவருடைய முழு முகத்தைப் பார்த்தேன். மீசை ஒரு பக்கம் கோணலாக வெட்டியிருந்தது.

மூச்சு நிற்கவில்லை. மெல்ல, இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. ரெலிபோன் பைக்குள் அதிர்ந்தது, அடுத்த வேலை. எடுக்கவில்லை.

அக்கா விபூதி பூசினா. கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு அவரோடு கதைக்கத் தொடங்கினா. பெற்றோல் நிலையத்துப் பாக்கிஸ்தான்காரர் சாப்பாடு அனுப்பினதைச் சொன்னா. பின் வளவுக் கறிவேப்பிலைச் சட்டியை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டேன் என்றா. சேட்டை ஒளித்து வைத்ததற்குத் திட்டாதேங்கோ என்றா. பிறகு குரல் இன்னும் தாழ்ந்தது. அது இரண்டு பேருக்கு இடையில் இருக்கிற தமிழ்.

தாதி என் பக்கம் குனிந்து கேட்டாள், “அந்த அம்மாவுக்கு ஏதும் வேண்டுமாமா?”

அறையில் பேசுகிற எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும். அது சட்டம்.

“இல்லை” என்றேன். “கணவரோடு கதைக்கிறா.”

தாதி தலையாட்டிவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். அக்கா அந்தக் குரலில் சொன்னதை இங்கேயும் எழுதப்போவதில்லை.

மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் தூரம் கூடியது. ஒரு தரம் நின்றுவிட்டது என்றே நினைத்தோம். திரும்ப வந்தது. அக்கா எழும்பி நின்றா. அவருடைய நெற்றியில் கையை வைத்தா.

“இஞ்சாருங்கோ” என்றா. “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நாங்கள் பாப்பம். போட்டு வா...”

அதோடு நிறுத்திவிட்டா. போய்விட்டு வாங்கோ என்று, வேலைக்கு வெளிக்கிடுகிறவரைப் பார்த்து வாழ்க்கை முழுக்கச் சொன்ன சொல். பாதி வாயிலேயே நின்றது. வாசலில் நின்று நாங்கள் ஒருவரையும் வெறும் ‘போங்கோ’ என்று அனுப்புவதில்லை. அவ வாயை மூடினா, திறந்தா.

“போங்கோ” என்றா.

தாதி என்னைப் பார்த்தாள். நான் நிரோஷனைப் பார்த்தேன். அந்தப் ‘போங்கோ’வுக்கு அர்த்தம் அவன் கேட்பான் என்று நினைத்தேன், கேட்டால் எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டிலின் மற்றப் பக்கம் போய், தகப்பனின் கையைத் தன் இரண்டு கையாலும் எடுத்தான்.

“போங்கோ, அப்பா.”